நரம்புத் தளர்ச்சியும் மாட்டுக்கறியும்

எங்க பக்கத்து பஸ் ஸ்டாண்டுல ஒரு மூத்திரச் சுவரு இருக்கு. அதுல எழுதின தேர்தல் சின்னம்கூட அழிஞ்சு போகும், ஒரு நோட்டீஸ் மட்டும் அழியாது. ‘நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்!’ பரம்பரை வைத்தியர் மாசத்துல ஒரு நாள் லாட்ஜுல ரூம் போட்டு உக்காந்திருப்பார். ரகசியம் காக்கப்படும். தமிழ்நாட்டில் நரம்புத் தளர்ச்சி என்றாலே அது ஆம்பிளைச் சமாச்சாரம். சின்ன வயசுத் தப்பு, கல்யாண பயம், லேகியம். நரம்பு என்பது தண்டுவடத்தில் கிளம்பிக் கால் கட்டைவிரல் வரைக்கும் ஓடுகிற ஒன்று, அதுக்கும் சோறு வேணும், அந்தச் சோறு யாருக்குக் கிடைக்குது யாருக்குக் கிடைக்கலங்கிறதுல சாதி இருக்கு என்பதையெல்லாம் அந்தச் சுவர் சொல்லாது.

எங்க அம்மாவுக்கு வந்ததும் நரம்பு நோய்தான். நாப்பது வருஷம் சேத்துல நின்னு நடவு நட்ட காலுக்கு வந்த நோய். அதுக்கு எந்தச் சுவத்துலயும் நோட்டீஸ் கிடையாது. அதைப் பத்தித்தான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல. பட்ட அடியையும், பட்ட பிறகு தேடிப் படிச்சதையும் தோழர்கள் முன்னால வைக்கிறேன். இதுல என் குத்தமும் ஒண்ணு இருக்கு. அதையும் மறைக்கப் போறதில்ல.

*

2017 வாக்கில் அம்மா சொல்ல ஆரம்பிச்சுது. “காலு பஞ்சு மேல வைக்கிற மாதிரியே இருக்குடா நைனா.” ஒருநாள் கடைக்குப் போயிட்டு ஒத்தைச் செருப்போட வந்துச்சு. இன்னொண்ணு வழியில கழண்டு விழுந்தது அதுக்குத் தெரியவே இல்ல. பகல்ல கீழ பாத்துப் பாத்துக் கால் வைக்கும். ராத்திரி கரண்டு போனா நடக்க முடியாம சுவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கும். மூஞ்சி கழுவக் கண்ண மூடினா அப்படியே சாயும். நாக்கு எரியுதுன்னு சொல்லும். பச்சை மிளகாயக் கடிச்சுக்கிட்டுக் கூழ் குடிச்ச பொம்பளை, ரசம் ஊத்தினாக்கூட ‘காரம், காரம்’னு தட்டத் தள்ளி வச்சுது.

நாங்க என்ன சொன்னோம்? வயசாயிடுச்சுன்னு சொன்னோம். சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்னு சொன்னோம். ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். ரத்தம் கம்மி என்று இரும்புச் சத்து மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாசத்தில் ரத்தம் ஏறியது. கால் இன்னும் மோசமானது. திரும்பப் போய்ச் சொன்னோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் சொன்னார்: “ரத்தமெல்லாம் நல்லா இருக்கேம்மா. வேலை வெட்டி இல்லாம உக்காந்திருந்தா இப்படித்தான் ஏதாவது தோணும்.” வேலை வெட்டி இல்லாத பொம்பளையாம். அம்மா ஒண்ணும் பேசல. வெளிய வந்து, “நெசமாவே எனக்குத் தோணுதாடா?”ன்னு என்னக் கேட்டுச்சு. தன் காலை நம்பாத அளவுக்கு அவளைக் கொண்டு வந்துட்டோம்.

2019-ல் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் பார்த்தார். ரெண்டு கவை உள்ள ஒரு கம்பியைத் தட்டி, அது ரீங்காரம் போடும்போதே அம்மாவின் கால் கட்டைவிரல் எலும்பு மேல் வைத்தார். “அதிருதாம்மா?” அம்மா முழிச்சுது. கணுக்காலில் வைத்தார். இல்லை. முட்டியில் வைத்தபோதுதான் “ஆங், இப்ப அதிருது”ன்னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். ரெண்டு வருஷத்துல யாரும் கேக்காத கேள்வி. “என்னம்மா சாப்பிடுவீங்க?”

அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. “முன்னெல்லாம் மாட்டுக்கறி திம்போம்ங்க. பையன் டவுனுக்கு வூடு மாத்திக்கினு வந்தப்புறம் விட்டுட்டோம். அங்கெல்லாம் ஆவாதுங்க.”

ரத்தத்தில் பி12 பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

*

இப்ப என் குத்தத்துக்கு வர்றேன்.

2011-ல் நான் காலனியை விட்டு டவுனில் வாடகைக்கு வீடு எடுத்தேன். அரசாங்க வேலை, கையில் சம்பளம். ஆனாலும் ஏழு வீடு பார்த்தேன். எட்டாவது வீட்டுக்காரர் நேராக சாதி கேட்கவில்லை. இப்பெல்லாம் யாரும் நேராகக் கேட்பதில்லை. “வீட்ல கறி கிறி ஆக்குவீங்களா? கோழி, மீன்னா பரவாயில்ல. வேற எதுவும்...” என்று இழுத்தார். “இல்லீங்க” என்றேன். அவ்வளவுதான். அந்த ஒத்தை வார்த்தையில் எங்க அம்மாவின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டேன்.

காலனியில் இருந்தவரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா மாட்டுக்கறி. ஈரல் கிடைச்சா அது அம்மாவுக்கும் புள்ள பெத்தவளுக்கும். மிச்சத்த உப்புக் கண்டம் போட்டு மழைக்காலத்துக்கு வச்சிருப்போம். ஆட்டுக்கறி விலைக்கு எங்க பரம்பரையில யாரும் போனதில்ல. டவுனுக்கு வந்தப்புறம் கோழியும் எப்பவோதான். மீன் வாசத்துக்கும் மேல் வீட்டிலிருந்து முணுமுணுப்பு வரும். அம்மா கொஞ்சங் கொஞ்சமா எல்லாத்தையும் விட்டுட்டு, சோறும் புளிக்குழம்பும் ரெண்டு வேளை டீயுமா உக்காந்துடுச்சு. “புள்ள படிச்சு மேல வந்துட்டான், அவனுக்கு அசிங்கம் வேணாம்”னு பக்கத்து வூட்டு அம்மாகிட்ட அது சொன்னத நானே கேட்டிருக்கேன். கேட்டும் சும்மா இருந்தேன். உள்ளுக்குள்ள எனக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு.

இன்னொரு காரணமும் உண்டு. 2010-லிருந்து அம்மா சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறது. நல்ல மாத்திரைதான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வருஷக் கணக்கில் சாப்பிட்டால், சாப்பாட்டிலிருந்து பி12 உடம்பில் சேர்வதை அது குறைக்கும். சாப்பாட்டிலேயே பி12 இல்லாதவளுக்கு இந்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும்? எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சரி. மாத்திரையின் பங்கை மாத்திரை எடுத்துக்கொள்ளட்டும். என் பங்கு என்னிடம் இருக்கிறது.

*

இந்த பி12 என்ன செய்கிறது? கரண்டு கம்பிக்கு மேல ரப்பர் உறை இருக்குல்ல, அதே மாதிரி நரம்புக்கு மேல ஒரு கொழுப்பு உறை இருக்கு. சேதி சிதறாமல் வேகமாகப் போக அது வேணும். அந்த உறையைக் கட்டவும் காப்பாற்றவும் பி12 தேவை. அது குறைந்தால் உறை நைந்து போகும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போகிறது. அதனால் மரப்பு கால் விரலில்தான் தொடங்கும். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற பாதை தண்டுவடத்தின் பின்பக்கம் ஓடுகிறது. அதுவும் கெட்டால் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் கால் வைக்க முடியும். இருட்டில் அம்மா ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று இப்போது புரிகிறதா?

ரத்தம் உண்டாவதற்கும் பி12 வேணும், ஃபோலிக் அமிலமும் வேணும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் மாத்திரையாகக் கொட்டினால், பி12 இல்லாமலேயே ரத்தச் சோகை தணிந்துவிடும். ரிப்போர்ட் அழகாக வரும். ஆனால் நரம்பு உறைக்கான வேலையை ஃபோலிக் அமிலத்தால் செய்ய முடியாது. வெளியே எல்லாம் சரியாகிவிட்ட மாதிரித் தெரியும், உள்ளே நரம்பு அழிந்துகொண்டிருக்கும். எங்க வீட்டில் நடந்தது இதுதான்.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 ரெண்டு மைக்ரோகிராம் சொச்சம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் ரெண்டு கூறு. அவ்வளவுதான். ஆனால் அந்த ரெண்டு கூறு அரிசியில் கிடையாது, பருப்பில் கிடையாது, கீரையிலும் கிடையாது. கறி, ஈரல், மீன், முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. நூறு கிராம் மாட்டுக்கறியில் ஏறக்குறைய ஒரு நாள் தேவை இருக்கிறது. ஈரலில் அதைப்போலப் பல மடங்கு. பி12-ஐ உடம்பு ஈரலில் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். வருஷக் கணக்கில் அந்தச் சேமிப்பு ஓடும். 2011-ல் நான் சொன்ன ‘இல்லீங்க’ 2017-ல் அம்மாவின் காலில் வந்து இறங்கியது இப்படித்தான்.

கறியே தொடாத மேல்சாதிக்காரர்களுக்கும் பி12 குறைவு வருகிறது, ஏராளமாக வருகிறது. அதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கில்லை. அவர்களுக்குப் பால் உண்டு, தயிர் உண்டு, நெய் தவிர மிச்சம் எல்லாவற்றிலும் கொஞ்சம் பி12 உண்டு, வருஷத்துக்கொரு முறை பரிசோதனையும் உண்டு. தங்கள் சாப்பாட்டை அவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். எங்க அம்மாவுக்குத் தேர்வு கிடையாது. பால் வாங்கக் காசும் இல்லை, கறி தின்ன இடமும் இல்லை. இதுதான் வித்தியாசம்.

*

நரம்பு பி12-ஆல் மட்டும் ஓடுவதில்லை. தயாமின் என்கிற பி1-இன் கதை நம்ம சோத்துப்பானைக் கதை. சோத்திலிருந்து சக்தி எடுக்க நரம்புக்கு அது வேணும். இல்லாவிட்டால் காலும் கையும் சோர்ந்து பெரிபெரி நோய் வரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் கோழிகளுக்குக் கால் மடங்கி விழுவதைப் பார்த்தார். ராணுவ ஆஸ்பத்திரி அடுப்படியில் மிஞ்சின தீட்டின வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் விழுந்தன. அடுப்படிக்குப் புது ஆள் வந்தான். ராணுவத்துச் சோத்தை சாதாரணக் கோழிக்குப் போடமாட்டேன் என்றான். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரன் பேர் யாருக்கும் தெரியாது.

பெரிபெரி ஆந்திரக் கடற்கரைப் பக்கம் ஏராளமாக இருந்த காலத்திலும் தமிழ்நாட்டில் அவ்வளவாக இல்லை. காரணம், புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது உமிக்கடியில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் முழுதாகப் போகாது. அக்ரகாரத்தில் படையலுக்கும் பூசைக்கும் பச்சரிசிதான் சுத்தம். அவிச்ச அரிசி ஒருதரம் வெந்த அரிசி, அது அவர்களுக்குத் தீட்டு. தீட்டுப்பட்ட அரிசிதான் நம்ம நரம்பைக் காப்பாத்துச்சு. வடிச்ச கஞ்சியைக் கீழே ஊத்தாமல் உப்புப் போட்டுக் குடிச்சாங்களே நம்ம ஆயாக்கள், அந்தத் தண்ணியிலும் கரைந்துபோன பி1 இருந்தது. சாராயம் குடிக்கிற தோழர்களும் ஒண்ணு கேட்டுக்கணும். குடி இந்த பி1-ஐக் காலி பண்ணும். பட்டினியோடு குடித்தால் கால் மட்டுமல்ல, மூளையே தடுமாறிப் போகும்.

தசைக்கு வருவோம். கரும்பு வெட்டுற ஆளைக் கேளுங்க, மத்தியானத்துக்கு மேல கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சுக்கும்னு சொல்லுவான். நரம்பில் சேதி ஓடுவது உப்பால்தான். சோடியம் உள்ளே போகும், பொட்டாசியம் வெளியே வரும், அப்படித்தான் சேதி நகரும். சேதி தசைக்கு வந்து சேர்ந்ததும் கால்சியம் பாய்ந்தால் தசை சுருங்கும். சுருங்கின தசை விரிவதற்குச் சக்தி வேணும். அந்தச் சக்தியைப் பயன்படுத்த மக்னீசியம் வேணும். தசைக்குள் காற்றைப் பிடித்து வைப்பது இரும்பு. வெயில்ல வேர்வையா உப்பு ஓடுது, வயித்துல கால்சியம் இல்ல, மக்னீசியம் இல்ல. தசை எப்படி ஒழுங்கா வேலை செய்யும்? ‘காலனி ஆளு சோம்பேறி, ரெண்டு மணி நேரத்துல உக்காந்துடுறான்’னு வரப்புல நின்னு சொல்றவனுக்கு இது தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டான்.

நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் பத்தைத் தாண்டாது. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, உப்புப் போட்ட நீராகாரம், கருவாடு, கண்டம். இதையெல்லாம் ‘சேரிச் சாப்பாடு’ன்னு மூக்கப் பொத்தினாங்க. இப்ப அதே கேழ்வரகு சூப்பர் மார்க்கெட்டுல ‘சிறுதானியம்’னு அழகான பாக்கெட்டுல வந்து, நம்மால வாங்க முடியாத விலையில உக்காந்திருக்கு. நம்ம புள்ளைங்க கூழுன்னா வெக்கப்படுது. வெக்கப்படக் கத்துக்கொடுத்தது யாரு? என்னை மாதிரிப் படிச்சவனுந்தான்.

*

தோழர்களே, கூலிக்கும் நரம்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கு மத்தியப் பிரதேசத்து ரேவா வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே பண்ணையடிமைகளுக்குக் கூலியாகக் கேசரிப் பருப்பைக் கொடுத்தார்கள். வறட்சியிலும் விளையும், மலிவு. அதையே மாசக்கணக்கில் தின்றவர்களுக்கு அதில் உள்ள நஞ்சு நரம்பில் ஏறிக் கால் விறைத்துப் போனது. திடமான வாலிபர்கள் கம்பை ஊன்றி, கால் பின்னப் பின்ன நடந்தார்கள். விளைய வைத்த ஆண்டையின் வீட்டில் அந்த நோய் இல்லை. அவன் வீட்டில் கோதுமை இருந்தது.

நம்ம கீழ்வெண்மணி? 1968 டிசம்பர் 25-ல் 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினான். எதுக்கு? அரைப்படி நெல்லு சேத்துக் கேட்டதுக்கு. கறி கேக்கல, பால் கேக்கல. இன்னும் கொஞ்சம் நெல்லு. வயிறு நிறைய அரிசி கேட்டதுக்கே நெருப்பு என்றால், சத்துள்ள சாப்பாட்டை நாம் எந்தக் காலத்தில் கேட்டிருக்க முடியும்?

ஆராய்ச்சிக்கு மட்டும் நம் உடம்பு எப்போதும் வேண்டியிருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலையில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாரம் கொடுத்ததும் அது குணமானது. பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று பேர் வாங்கின சத்துக்கு அதுதான் வழி காட்டியது. நல்ல மனுஷி, குறை சொல்லவில்லை. அவர் குன்னூரிலும் வேலை செய்தார், 1931-ல் சென்னையிலும் வேலை செய்தார். சென்னையில் எந்த ஆஸ்பத்திரி தெரியுமா? திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிறோமே, அதுதான். அன்றைக்கு அதன் பேர் ‘சாதி மற்றும் கோஷா பெண்கள் ஆஸ்பத்திரி’. ஆஸ்பத்திரிப் பேரிலேயே சாதி. பிரசவத்துக்கும் சாதிப் பெண்கள் தனியாகப் படுக்க வேண்டியிருந்தது. சத்துக் குறைவு மட்டும் அந்தச் சுவரைப் பார்த்து நிற்கவில்லை.

*

இன்றைக்கு அரசாங்கம் என்ன செய்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச் சோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி வளரிளம் பருவத்தினரில் 31 சதவீதம் பேருக்கு பி12 குறைவு. பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர்! இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 2021 சுதந்திர தினத்தன்று ஒரு அறிவிப்பு வந்தது. ரேஷன் அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் மாவாக்கிச் சேர்த்த அரிசிமணியைக் கலப்பது. 2024 மார்ச் வரைக்கும் படிப்படியாக நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். ஜனங்க அதை ‘பிளாஸ்டிக் அரிசி’ன்னு பொறுக்கிக் குப்பையில் போட்டாங்க. பொறுக்கினவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. என்ன போடுறோம், எதுக்குப் போடுறோம்னு எங்க தெருவுக்கு வந்து யாரும் சொல்லல. ரத்தத்தில் சிக்கிள் செல் உள்ள ஆதிவாசிகளுக்கு இரும்பு கலந்த அரிசி ஆகுமா என்ற கேள்வியை மக்கள் அமைப்புகள்தான் எழுப்பின.

ஒரு கையால் பி12-ஐ மாவாக்கி அரிசியில் போட்டவர்கள், இன்னொரு கையால் பி12 உள்ள கறியைத் தட்டிலிருந்து பிடுங்குகிறார்கள். 2015-ல் மகாராஷ்டிராவில் எருது, காளை வெட்டவும் தடை வந்தது. 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். 2017 மே மாதம் சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளைதான் அதை நிறுத்தி வைத்தது. 2022-ல் நம்ம ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்றார்கள், மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மழை என்று சொல்லித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள்.

மாட்டுக்கறியை விடுங்கள், முட்டைக்கே சண்டை. 2015-ல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடியில் முட்டை கிடையாது என்றது. 2021-ல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்ததும் மடாதிபதிகள் கொதித்தார்கள். மடத்தில் யாரும் கட்டாயமாக முட்டை ஊட்டவில்லையே! தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. இந்த முட்டை நம் பிள்ளைகளின் நரம்பில் இருக்கிறது. இதில் எவன் கை வைத்தாலும் விடக்கூடாது.

*

இங்கே நம்ம ஆட்களுக்குள்ளேயே ஒரு வாதம் உண்டு. மாட்டுக்கறியை விடச் சொன்னது அம்பேத்கரே என்பார்கள் சிலர். 1927-ல் மகத்தில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டுக்கறியை. ஊரான் செத்த மாட்டை இழுத்துப் போடு, அதுதான் உன் கூலி, அதுதான் உன் சோறு என்று சுமத்தினானே, அந்த இழிவை விடச் சொன்னார். 1948-ல் வந்த ‘தீண்டப்படாதவர்கள்’ புத்தகத்தில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள சம்பந்தத்தை வரலாறாகவே எழுதினார். இழிவை உதறுவதும், வாடகை வீட்டுக்காரனுக்குப் பயந்து தட்டை மாற்றுவதும் ஒன்றல்ல. நான் செய்தது ரெண்டாவது. அதுக்கு சுயமரியாதை என்று பேர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த 1948-ல் பாபாசாகேபே சர்க்கரை நோயாலும் கால் நரம்பு வலியாலும் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த வலியோடுதான் எழுதினார்.

இன்னொரு பக்கம், மாட்டுக்கறி தின்றாலே விடுதலை என்று மேடையில் முழங்குகிற தோழர்களும் இருக்கிறார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. பிடிக்காதவன் தின்ன வேண்டாம். முட்டை தின்னட்டும், மீன் தின்னட்டும், பால் குடிக்கட்டும். ஆனால் ‘பிடிக்கல’ன்னு சொல்றவன் ராத்திரி தனியா உக்காந்து யோசிக்கணும்: நெசமாவே பிடிக்கலையா, இல்ல எவனோ மூக்கப் பொத்தினது உன் மூக்குல வந்து உக்காந்துடுச்சா?

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். கால் மரத்துப் போகுது, நாக்கு எரியுது, இருட்டுல தடுமாறுதுன்னு வீட்ல யாராவது சொன்னா ‘வயசாச்சு’ன்னு சொல்லாதீங்க. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் பி12 பாக்கச் சொல்லுங்க. சுகர் மாத்திரை வருஷக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்கணும். ‘சத்து ஊசி’ன்னு செவப்பா ஒண்ணு போட்டு நூறு ரூபா வாங்குறவன்கிட்ட போகாதீங்க. அதில் பி12 இருந்தாலும், எத்தனை ஊசி, எத்தனை நாள் என்று கணக்குத் தெரிந்தவர்தான் போடணும். கடையில் தானாக மாத்திரை வாங்கிக் கைநிறைய முழுங்குவதும் ஆபத்து. பி6 ரொம்ப அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பி12 பரிசோதனை வேண்டும் என்று கேட்போம். ஆதிதிராவிடர் விடுதியில் தினம் முட்டை வேண்டும், வேண்டுகிற மாணவர்களுக்கு மாட்டுக்கறியும் வேண்டும் என்று மாணவத் தோழர்கள் கேட்கணும். எல்லாத்துக்கும் மேல, கூலி. அரிசிக்கு மட்டும் பத்துற கூலி, நரம்பைத் தின்கிற கூலி.

அம்மாவுக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, இப்போது மாசத்துக்கு ஒன்று. நாக்கு எரிச்சல் ஒரு மாசத்தில் போயிடுச்சு. நடை பாதி திரும்பியிருக்கு. கால் விரல் மட்டும் இன்னும் மரப்புதான். அது இனி வராது, ரொம்ப நாள் விட்டுட்டீங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். இப்போ இருக்கிறது சொந்த வீடு, சின்னது. போன ஞாயித்துக்கிழமை நானே சந்தைக்குப் போய் ரெண்டு கிலோ மாட்டுக்கறியும் அரைக்கிலோ ஈரலும் வாங்கி வந்தேன். அம்மா அடுப்படியில் உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. “ஜன்னலச் சாத்தட்டுமாடா?”

வேணாம்மா, தொறந்தே இருக்கட்டும்னு சொன்னேன்.